போர்டு சர்டிஃபைட் ஆர்த்தோடான்டிஸ்ட் என்றால் என்ன? அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

மீனாம்மா:
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு 11 வயது. மேல்வரிசைப் பல் நன்றாக முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறது, ஒரு பக்கம் தெத்துப்பல் வேறு. கம்பி போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விசாரித்ததில் மூன்று இடம் கைவசம் இருக்கிறது. முதல் இடத்தில் வாசலிலேயே "போர்டு சர்டிஃபைட் ஆர்த்தோடான்டிஸ்ட்" (பல் வரிசையைச் சரிசெய்யும் சிறப்பு டாக்டர்) என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், 6,400 டாலர். இரண்டாவது இடத்தில் இருப்பவரும் ஆர்த்தோடான்டிஸ்ட்தான், ஆனால் அந்த வார்த்தை எங்கேயும் இல்லை, 5,700. மூன்றாவது எங்கள் குடும்பப் பல் டாக்டர், "வெளியே போகவே வேண்டாம், நானே அலைனரில் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) சரிசெய்துவிடுகிறேன்" என்கிறார், 4,500. எங்கள் இன்சூரன்ஸ் எங்கே போனாலும் 1,500தான் தரும், அதுவும் வாழ்நாளுக்கு ஒரே தடவை. வீட்டுக்காரர் "போர்டாவது கீர்டாவது, எல்லாம் விளம்பரம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

வெட்டிப்பேச்சு:
போர்டு சர்டிஃபிகேட் இல்லாமல் அமெரிக்காவில் யாரும் டாக்டர் தொழிலே செய்ய முடியாதே. எல்லாரிடமும் இருக்கும். ஒருத்தர் வாசலில் எழுதி வைத்திருக்கிறார், இன்னொருத்தர் எழுதவில்லை, அவ்வளவுதான். விலை குறைந்த இடத்துக்குப் போங்கள், மிச்சப் பணத்தில் எங்காவது சுற்றிவிட்டு வாருங்கள்.

பல்லாண்டு:
வெட்டிப்பேச்சு சார், நீங்கள் சொல்வது லைசென்ஸ். இது வேறு. நானும் இதே துறைதான், இங்கேயே படித்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு டென்டல் போர்டு உண்டு, அது அரசு அமைப்பு. நாலு வருடம் டென்டல் ஸ்கூல் முடித்து (டி.டி.எஸ். என்று போட்டாலும் டி.எம்.டி. என்று போட்டாலும் ஒரே படிப்புதான்), தேசியத் தேர்வில் தேறி, அந்த மாநிலம் கேட்கும் மற்றதையும் கொடுத்தால் லைசென்ஸ் கிடைக்கும். இது இல்லாமல் யாரும் உங்கள் வாயில் கை வைக்க முடியாது. இது இருந்தால் பொதுவாகப் பல் வைத்தியத்தில் எதையும் செய்யலாம், கம்பி போடுவது, அலைனர் கொடுப்பது உட்பட. மீனாம்மாவின் குடும்ப டாக்டர் செய்வதாகச் சொல்வதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை.

அடுத்தது ரெசிடென்சி. டென்டல் ஸ்கூல் முடிந்தபிறகு ஆர்த்தோடான்டிக்ஸ் மட்டும் குறைந்தது 24 மாதம், பல இடங்களில் 30 அல்லது 36 மாதம் முழுநேரமாகப் படிப்பது. பல்லை எலும்புக்குள் எப்படி நகர்த்துவது, தாடை எந்த வயதில் எந்தத் திசையில் வளரும், எதை இப்போது தொடலாம், எதை இரண்டு வருடம் தள்ளிப்போடலாம், இதைத் தவிர வேறு வேலையே கிடையாது. இதை முடித்தவர்தான் ஆர்த்தோடான்டிஸ்ட். இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டது. அமெரிக்கன் போர்டு ஆஃப் ஆர்த்தோடான்டிக்ஸ், சுருக்கமாக ஏபிஓ, 1929-ல் தொடங்கியது. பல் மருத்துவத்தின் சிறப்புப் பிரிவுகளுக்கு வந்த போர்டுகளில் அதுதான் முதலாவது. டென்வரில் தொழில் செய்த ஆல்பர்ட் கெச்சம் முன்னின்று கொண்டுவந்தது. இது அரசு அமைப்பு இல்லை, யாரையும் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ரெசிடென்சிப் படிப்பு உள்ளவர்கள் விருப்பப்பட்டால் ஓர் எழுத்துத் தேர்வு, அப்புறம் ஒரு கிளினிக்கல் தேர்வு எழுதலாம். இரண்டிலும் தேறினால் "டிப்ளமேட்", அதாவது போர்டு சர்டிஃபைட். அந்தச் சான்றிதழும் 10 வருடம்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 6,400க்கும் 5,700க்கும் நடுவில் இருப்பது மூன்றாவது படி. 5,700க்கும் 4,500க்கும் நடுவில் இருப்பது இரண்டாவது படி, அதாவது இரண்டு மூன்று வருடப் படிப்பு. எல்லாரும் வாசல் போர்டில் இருக்கும் மூன்றாவது படியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

வெட்டிப்பேச்சு:
சரி சரி, போர்டுக்கு உள்ளே இத்தனை போர்டு இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்.

ராலே_ரகு:
டாக்டர், ஒரு சந்தேகம். இதய டாக்டர் போர்டு சர்டிஃபைட் இல்லை என்றால் நான் பக்கத்திலேயே போக மாட்டேன், பெரும்பாலான ஆஸ்பத்திரிகளும் சேர்த்துக்கொள்ளாது. இங்கே மட்டும் ஏன் "விருப்பப்பட்டால்"? எழுதித் தோற்றவர்கள்தான் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிக்கொள்கிறார்களோ?

பல்லாண்டு:
ரகு, அவர்களைச் சேர்த்துக்கொள்ள ஆஸ்பத்திரி இருக்கிறது, அது கேட்கிறது, இன்சூரன்ஸும் கேட்கிறது, அதனால் எழுதுகிறார்கள். ஆர்த்தோடான்டிஸ்ட் பெரும்பாலும் சொந்த கிளினிக்கில் இருப்பவர், அல்லது யாருடைய கிளினிக்கிலாவது சம்பளத்துக்கு இருப்பவர். அவரை யார் கேட்கிறார்கள்? சான்றிதழ் வைத்திருக்கிறார் என்று இன்சூரன்ஸ் ஒரு டாலர் கூடத் தருவதில்லை. மீனாம்மாவுக்கும் எல்லா இடத்துக்கும் அதே 1,500தானே. ரெசிடென்சி சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இயக்குநராக வேண்டுமானால் ஏபிஓ சான்றிதழ் வேண்டும். ராணுவத்தில் பல் மருத்துவராக இருந்தால் அதற்கென்று தனி ஊதியம் உண்டு. இந்த மாதிரிச் சில இடங்களை விட்டால் தள்ளிவிட ஆளில்லை. தலைக்கு மேல் கல்விக் கடனோடு வெளியே வருகிறவர் முதலில் வேலையைத்தான் பார்ப்பார்.

தோற்றவர்களும் இருக்கலாம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுதாதவரையும் எழுதித் தேறாதவரையும் வெளியிலிருந்து நீங்கள் பிரித்துப் பார்க்க முடியாது. இப்போது படித்துமுடிக்கிறவர்கள் ரெசிடென்சியை ஒட்டியே தேர்வை முடித்துவிட முடிகிறது. அதனால் 30 வயதுக்காரரிடம் சான்றிதழ் இருந்து 58 வயதுக்காரரிடம் இல்லாமல் போவதை வைத்து மட்டும் திறமையை எடைபோடாதீர்கள்.

இரண்டாம்காபி:
நான் பல் டாக்டர் இல்லை, ஆனால் மனைவி அலைனர் போட்டபோது இதைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். பல்லாண்டு அவர்கள் ஒரு விஷயத்தை மெதுவாகத் தாண்டிப் போய்விட்டார், அது அந்தக் கிளினிக்கல் தேர்வு. 2019 பிப்ரவரிக்கு முன்னால் வரை டாக்டர் தான் சிகிச்சை கொடுத்து முடித்த நோயாளிகளின் பல் அச்சு மாடல், எக்ஸ்ரே, புகைப்படம் எல்லாவற்றையும் கொண்டுபோய்த் தேர்வாளர்கள் முன்னால் வைக்க வேண்டும். எவ்வளவு சிக்கலான கேஸ் என்பதற்கு ஒரு மதிப்பெண் முறை, முடிவு எவ்வளவு சுத்தம் என்பதற்கு இன்னொன்று. அதற்கென்று செய்த ஒரு சின்ன அளவுகோலை வைத்து வரிசை, கடைவாய்ப் பற்களின் விளிம்பு மட்டம், சாய்வு, மேலும் கீழும் பொருந்துவது, வேர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று மொத்தம் எட்டு விஷயம் அளப்பார்கள். பல் வரிசையில் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகினாலே புள்ளி குறையும். இதுதானே ஐயா தேர்வு! கையில் என்ன வேலை செய்தாய், காட்டு என்பது.

2019 முதல் என்ன நடக்கிறது என்றால், ஏபிஓவே தயார் செய்த நோயாளி விவரங்களைக் கொடுத்து அதை வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். தகவல் சேகரித்து நோயறிவது, நோக்கம் வகுத்துத் திட்டமிடுவது, சிகிச்சையை நடத்துவது, முடிவை அலசுவது என்று நாலு பகுதி. இதில் டாக்டர் ஒரு பல்லைக்கூட நகர்த்திக் காட்ட வேண்டியதில்லை. அப்படியானால் 2015-ல் வாங்கிய சான்றிதழும் 2022-ல் வாங்கிய சான்றிதழும் ஒன்றா? வாசலில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

பல்லாண்டு:
இரண்டாம்காபி, நன்றாகப் பிடித்தீர்கள். எங்களுக்குள்ளேயே இதில் சண்டை உண்டு. மூத்தவர்கள் பலர் உங்கள் பக்கம்தான்.

ஆனால் பழைய முறையின் இன்னொரு முகத்தையும் பாருங்கள். நூற்றுக்கணக்கில் முடித்த கேஸ்களிலிருந்து விதிக்குப் பொருந்தும் சிலதை நானேதான் பொறுக்கிக்கொண்டு போவேன். எது அழகாக முடிந்ததோ அதைத்தானே எடுப்பேன்? கம்பி கழற்றினபிறகு பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரைப் போடாமல் மறுபடி கோணலாகிப் போன பையனின் மாடலை யார் கொண்டுபோவார்கள்? தேர்வுக்குப் போகும் நோயாளிக்கு மட்டும் ஆறு மாதம் கூடுதலாகக் கம்பியை விட்டுவைத்துக் கடைசி அரை மில்லிமீட்டரைத் துரத்தும் சலனமும் வரும், அந்தப் பிள்ளைக்கு அது தேவையா இல்லையா என்பது வேறு கதை. அப்புறம், இப்போது படித்துவருகிறவர்கள் பலர் கம்பெனி நடத்தும் கிளினிக்குகளில் வேலைக்குப் போகிறார்கள், ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. ஆரம்பித்த கேஸை முடிக்கும்வரை அங்கேயே இருப்பதும் நிச்சயமில்லை, பதிவுகளும் அவர்கள் கையில் இருக்காது. நல்ல டாக்டர்களே தேர்வுக்கு வர முடியாமல் நின்றார்கள்.

புதிய முறையில் எல்லாருக்கும் ஒரே தரமான கேள்வி, யாரும் பொறுக்கி எடுக்க முடியாது, தலை எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். கை தெரியாது, அதை ஒத்துக்கொள்கிறேன். பழையதில் கை தெரிந்தது, ஆனால் அந்தக் கையின் மிகச் சிறந்த நாள் மட்டும்தான் தெரிந்தது. இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் புதியதைச் சொல்வேன். ஆர்த்தோடான்டிக்ஸில் பெரிய தப்புகள் கம்பியை வளைப்பதில் வருவதில்லை, ஆரம்பத்தில் போடும் திட்டத்தில்தான் வருகின்றன. எடுக்கத் தேவையில்லாத பல்லை எடுத்திருக்கலாம், எடுக்க வேண்டியதை எடுக்காமல் எலும்புக்கு வெளியே தள்ளியிருக்கலாம், தாடை வளரும் காலத்தை விட்டிருக்கலாம்.

இரண்டாம்காபி:
திட்டம் போடத் தெரிந்து கை வராதவரும் உண்டு டாக்டர். அவரை ரெசிடென்சியில் வடிகட்டியிருப்பார்கள் என்கிறீர்கள், சரி. ஆனால் வாசல் போர்டில் இருக்கும் வார்த்தையை ஒரு அம்மா படிக்கும்போது "இவர் வேலையைப் பார்த்துப் பரிசோதித்திருக்கிறார்கள்" என்றுதான் நினைப்பார். புதிய முறையில் அது உண்மையில்லை. என் புகார் அவ்வளவுதான்.

பல்லாண்டு:
அந்தப் புகார் நியாயம்தான்.

நியூஜெர்சி_மாமி:
மீனா, இவர்கள் பேசுவதைக் கேட்டு பயந்துவிடாதே கண்ணு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் கம்பி போட்டாயிற்று. பெரியவனுக்குப் பார்த்தவருக்கு இந்தச் சான்றிதழ் கிடையாது, ஒவ்வொரு தடவையும் அவரே உட்கார்ந்து பார்ப்பார், பல் இன்றுவரை முத்து முத்தாக இருக்கிறது. சின்னவளுக்குப் போன இடத்தில் சுவர் முழுக்கச் சான்றிதழ். டாக்டர் வந்து ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்து "எக்ஸலண்ட்" என்று சொல்லிவிட்டுப் போவார், மற்ற எல்லாம் உதவியாளர்கள்தான். பல மாநிலங்களில் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் கம்பி மாற்றலாம், அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் யாராவது ஒருத்தர் நிதானமாகப் பார்க்க வேண்டுமே. பல்லைச் சரியாகத் துலக்காமல் கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் திட்டு விழுந்தது முதலில் என் கண்ணில்தான் பட்டது.

கல்யாணத்துக்குத் தலைமைச் சமையல்காரரின் பெயரைக் கேட்டுப் பேசி முடித்தால் போதாது, அன்றைக்குக் கரண்டி யார் கையில் இருக்கப்போகிறது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். போன உடனே கேள்: ஒவ்வொரு முறையும் டாக்டர் எவ்வளவு நேரம் பார்ப்பார்? ஆரம்பித்தவரே முடிப்பாரா, மாதத்துக்கு ஒருத்தர் மாறுவாரா?

சும்மாவந்தேன்:
எங்கள் ஏரியாவில் ஒருத்தர் "இன்விசலைன் டயமண்ட்" என்று போட்டிருக்கிறார். அது ஏபிஓவை விடப் பெரியதா? கேட்கவே ஜொலிக்கிறது.

பல்லாண்டு:
😀 அது எத்தனை பேருக்கு அந்த அலைனரைப் போட்டார் என்ற எண்ணிக்கையைப் பார்த்து அந்தக் கம்பெனியே தரும் அந்தஸ்து. நிறையச் செய்திருக்கிறார், அனுபவம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அது தேர்வும் இல்லை, படிப்பும் இல்லை. பொது பல் டாக்டரும் அதை வாங்கலாம், ஆர்த்தோடான்டிஸ்ட்டும் வாங்கலாம். ஏபிஓவோடு ஒப்பிடவே வேண்டாம்.

சரிபார்க்க வேண்டியவை எளிதுதான். ஏபிஓவின் இணையதளத்திலேயே பெயர் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. அதைவிட முக்கியம் உங்கள் மாநில டென்டல் போர்டு தளம், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்பதை அங்கே பார்க்கலாம். ஆச்சரியம் என்னவென்றால் சுவர் சான்றிதழை உற்று உற்றுப் படிப்பவர்கள் அந்தத் தளத்தைத் திறப்பதே இல்லை. ரெசிடென்சி முடித்தாரா என்று நேராகவே கேளுங்கள், எங்கே, எந்த வருடம் என்று. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவும் ஒரு தகவல்தானே.

மீனாம்மா:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 6,400 டாக்டரின் பெயர் ஏபிஓ பட்டியலில் இருக்கிறது. 5,700 டாக்டரின் இணையதளத்தை முழுசாகப் படித்தால் கீழே ஒரு மூலையில் "போர்டு எலிஜிபிள்" என்று இருக்கிறது. இது என்ன புதுசாக? இன்னொன்று, குடும்ப டாக்டரை வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாமா? பத்து வருடமாக எங்களுக்குப் பார்ப்பவர், சங்கடமாக இருக்கிறது.

பல்லாண்டு:
"எலிஜிபிள்" என்றால் அந்தப் பாதையில் இருக்கிறார், இன்னும் முழுதாகத் தேறிச் சான்றிதழ் வாங்கவில்லை என்று அர்த்தம். இப்போதுதான் படித்து வெளியே வந்தவராக இருந்தால் அதில் ஒன்றும் இல்லை. வெளியே வந்து பதினைந்து வருடமாகியும் அதே வார்த்தையைப் போட்டுக்கொண்டிருந்தால் ஏன் என்று கேட்கலாம்.

குடும்ப டாக்டர் விஷயத்தில் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். மகளுக்குப் பல் முன்னால் தள்ளியிருப்பது பல்லாலா, தாடையாலா என்று கேளுங்கள். மேல்தாடை முன்னால் இருக்கலாம், கீழ்த்தாடை பின்தங்கியிருக்கலாம், வெறும் பல் மட்டும் சாய்ந்திருக்கலாம். வெளியே பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும், வைத்தியம் வேறு வேறு. அதைச் சொல்லப் பக்கவாட்டில் மண்டை எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்க்க வேண்டும், செஃபலோகிராம் என்போம். 11 வயதுப் பெண் குழந்தை என்பதால் நேரமும் முக்கியம், கீழ்த்தாடை வளரும் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டிய கேஸாக இருந்தால் அந்த ஜன்னல் ரொம்ப நாள் திறந்திருக்காது. அவர் எக்ஸ்ரே எடுத்து, அளந்து, "இதனால்தான் அலைனர் போதும்" என்று விளக்கினால் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கேன் எடுத்துத் திரையில் பல் நகரும் படத்தை மட்டும் காட்டினால் போதாது. லேசான கோணல், பெரியவர்களுக்கு முன்பல்லில் சின்ன இடைவெளி, இந்த மாதிரி வேலைகளைப் பொது பல் டாக்டர்கள் நன்றாகவே செய்கிறார்கள். உங்கள் மகளுடையது அப்படித் தெரியவில்லை, ஆனால் பார்க்காமல் நான் முடிவு சொல்லக் கூடாது.

சங்கடப்படவும் வேண்டாம். ஆர்த்தோடான்டிஸ்ட்டிடம் போனாலும் பல் சுத்தம் செய்வதும் சொத்தை பார்ப்பதும் அவரிடம்தானே.

நியூஜெர்சி_மாமி:
700 டாலர் வித்தியாசத்துக்கு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்றும் கேட்டுக்கொள் மீனா. ரிட்டெய்னர் சேர்த்தியா, தொலைத்தால் எவ்வளவு, பிராக்கெட் உடைந்தால் தனிக் காசா, கம்பி கழற்றினபிறகு எத்தனை நாள் வரை பார்ப்பார்கள். சில இடத்தில் குறைவாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் ரிட்டெய்னருக்குத் தனியாக நீட்டுவார்கள்.

மீனாம்மா:
கேட்டேன் மாமி! 5,700-ல் ரிட்டெய்னர் சேரவில்லையாம், 6,400-ல் இரண்டு செட் சேர்த்தியாம். வித்தியாசம் பாதியாகிவிட்டது. இரண்டு ஆர்த்தோடான்டிஸ்ட்டையும் நேரில் பார்த்து, அந்தத் தாடைக் கேள்வியை இருவரிடமும் கேட்டுவிட்டு முடிவு பண்ணப்போகிறோம். எக்ஸ்ரேவைப் பார்த்தபிறகு வீட்டுக்காரர் விளம்பரம் என்று சொல்கிறாரா பார்ப்போம்.

ராலே_ரகு:
இழையை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொள்கிறேன். நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், அடுத்த வருடம் வேறு மாநிலத்துக்குப் போக வேண்டி வரலாம். பையனுக்கு இப்போது கம்பி ஆரம்பித்தால் நடுவில் என்ன ஆகும்? புது ஊரில் சான்றிதழ் உள்ளவர் பழையவரின் வேலையை ஏற்றுக்கொள்வாரா?

பல்லாண்டு:
ஏற்றுக்கொள்வார்கள், நடக்கிற விஷயம்தான், ஆனால் செலவு கூடும். புது டாக்டர் தன் கணக்கில் புதிதாகத்தான் கட்டணம் சொல்வார், சிலர் பிராக்கெட்டைக் கழற்றித் தன்னுடையதை ஒட்டுவார்கள், மொத்தக் காலமும் சில மாதம் நீளும். ஆரம்பிக்கும்போதே ஒப்பந்தத்தில் பாதியில் போனால் செய்த வேலைக்கு மட்டும் பணம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவதாக இருக்கிறதா என்று படியுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், உங்கள் நிலைமையில் மாதத் தவணையே நல்லது. வேலை மாறினால் இன்சூரன்ஸும் மாறும், ஏற்கெனவே ஆரம்பித்த சிகிச்சையைப் புது இன்சூரன்ஸ் ஏற்குமா என்று வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே கேட்டுவிடுங்கள். கிளம்பும்போது ஆரம்ப எக்ஸ்ரே, ஸ்கேன், புகைப்படம், சிகிச்சைத் திட்டம் எல்லாவற்றின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். நோயாளியை வேறு டாக்டருக்கு மாற்ற அமெரிக்கன் அசோசியேஷன் ஆஃப் ஆர்த்தோடான்டிஸ்ட்ஸின் படிவமே இருக்கிறது, அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். பையனின் பல் லேசான கேஸ் என்றால், மாறின பிறகே ஆரம்பிக்கலாமா என்றும் அந்த டாக்டரிடமே கேட்டுப் பாருங்கள்.

ராலே_ரகு:
லேசான கேஸ்தான் டாக்டர். அப்படியானால் விசா விஷயம் தெரிகிறவரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்கிறேன். நன்றி.